நிதானத்துல இருக்காரா?

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் சாலையோரம் என் சித்தி வீடு. சின்ன வயதில் எதற்காக என்னை அங்கே அனுப்பினாலும் அம்மா ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவாள். "வாசல்லயே நின்னு கேளு. சித்தப்பா நிதானத்துல இருந்தா உள்ள போ. இல்லைன்னா திரும்பி வந்துடு." 1984, 85 இருக்கும். வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, சித்தப்பா நிதானத்துல இருக்காரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பேன். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையசைப்பாள். தலை மேலும் கீழும் அசைந்தால் செருப்பைக் கழற்றுவேன். பக்கவாட்டில் அசைந்தால் வந்த வழியே ஓடுவேன். அந்த இரண்டாவது அசைவுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை மறுநாள் சித்தியின் கன்னம் சொல்லும்.

நிதானம் என்ற சொல் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். அதே சொல்லை வேறு வாய்களிலும் கேட்டு வளர்ந்தேன். படியில்லாமல் உலைக்கு அரிசி போடும் ஆயா அதைக் கை நிதானம் என்பாள். வரப்பில் நின்றபடியே இத்தனை சென்ட் தேறும் என்று சொல்லிவிடுகிற பெரியவருக்குக் கண் நிதானம். கரும்பு வண்டிக்காரரிடம் "நிதானமா போப்பா." பஞ்சாயத்தில் துள்ளுகிறவனிடம் "நிதானமா பேசு." குடிக்காமலிருப்பதற்கும் அளவு தெரிந்திருப்பதற்கும் வேகத்தைக் கட்டுவதற்கும் கோபத்தைப் பிடித்து வைப்பதற்கும் எங்கள் பக்கத்தில் இந்த ஒரே சொல்தான். சிங்கவரத்தைச் சுற்றி ஒரு நாள் நடந்தால், இந்தப் பொருள்களில் சிலவற்றைப் பாறையிலேயே பார்த்துவிடலாம்.

சிங்கவரம் குன்றில் ரங்கநாதர் படுத்திருக்கிறார். பல்லவர் காலத்துக் குடைவரை; மலைப்பாறையிலேயே செதுக்கிய சயனத் திருமேனி. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டுப் படையோடு வந்தபோது, தேஜ் சிங் என்ற நம் தேசிங்கு ராஜனுக்கு வயது 22. தந்தை சொரூப் சிங் இறந்து கோட்டை கைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. எதிரே பெரும்படை, இவனிடம் சில நூறு குதிரைகள். போருக்குப் புறப்படும் முன் இந்தக் குன்றேறி வந்து உத்தரவு கேட்டான், பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை. சன்னதியில் அந்தத் திரும்பிய முகத்தை இன்றும் காட்டுவார்கள். அவன் கேட்கவில்லை. போனான். அக்டோபர் 3ஆம் தேதி களத்தில் விழுந்தான். கல்யாணத்தை விட்டு எழுந்து வந்த அவனுடைய முஸ்லிம் நண்பனும் கூடவே விழுந்தான் என்று கதைப்பாடல் சொல்லும். அவன் வீரத்துக்காக மூன்று நூற்றாண்டாக அழுகிற இதே ஜனங்கள்தான், அவன் நிதானம் தப்பினான் என்பதையும் தெய்வத்தின் கழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுத்த பாட்டனார் எவரோ, அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

செஞ்சிக்கும் சிங்கவரத்துக்கும் இடையில் இன்னொரு பாறை இருக்கிறது, திருநாதர் குன்று. 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கும் பாறை. அதன் அருகே சுமார் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறிய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த இடம் இது என்று சொல்கிறது. தமிழ் எழுத்துகளின் வரலாற்றைப் படிப்பவர்கள் ஐ என்ற எழுத்தின் பழைய வடிவத்தைப் பார்க்க இங்கே வருவார்கள். பின்னால் இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததைச் சொல்லும் இன்னொரு கல்வெட்டும் உண்டு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றும் சமணர்களான நயினார் குடும்பங்கள் வாழ்கின்றன. மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. கள்ளும் புலாலும் மட்டுமல்ல, தேன்கூட அவர்கள் இலையில் விழாது. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் வழக்கத்தை இப்போதும் பல வீடுகளில் பார்க்கலாம். என் பள்ளித் தோழன் ஒருவன் விளையாட்டின் நடுவே வானத்தைப் பார்த்துவிட்டு ஓடுவான். அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். சூரியன்தான் கூப்பிடும்.

அந்த உச்சத்தை ஊர் முழுக்க எட்ட முடியாது, எட்ட வேண்டியதும் இல்லை. மற்றவர்களுக்குச் சில நாள் கணக்கு போதுமாயிருந்தது. அதைக் காப்பு கட்டுவது என்போம். சிங்கவரத்துக்குப் பக்கத்து ஊரான மேலச்சேரிதான் பழைய செஞ்சி. திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் அங்கிருப்பதே ஆதி என்று இந்தப் பகுதியில் நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் இருக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, படுகளம், முடிவில் தீமிதி. தீ மிதிக்கிறவர்கள் மஞ்சள் துணி உடுத்திக் கையில் காப்புக் கட்டிக்கொண்டால் கவுச்சி இல்லை, சாராயம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, ஊர் எல்லையைத் தாண்டி ராத் தங்கல் இல்லை.

எங்கள் சித்தப்பாவும் தீ மிதித்திருக்கிறார். அந்த நாட்களில் அவரைப் பார்க்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குக் கதை சொல்வார். சித்தியை "ஏம்மா" என்று கூப்பிடுவார். எப்படி முடிந்தது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். சாராயக்கடை அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் காப்புக் கட்டிய கையோடு அவர் அந்தப் பக்கம் நடந்தால், கடைக்காரனே "சாமி, இங்க எதுக்கு வந்தீங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பான். டீக்கடையில் பெஞ்சை ஒதுக்கித் தருவார்கள். சின்னப் பையன்கள்கூடத் தெருவில் வழிவிடுவோம். குடியை விட்டு நின்றது அவர் ஒருவர்தான் என்றாலும், அவரைப் பிடித்து நிறுத்தியவர்கள் முந்நூறு பேர். காப்பு அவிழ்த்த மறுநாள் அந்த முந்நூறு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சித்தி மறுபடி தலையைப் பக்கவாட்டில் அசைப்பாள்.

ஆகவே அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். வருஷத்தில் முப்பது நாள் மனைவியை அடிக்காதவரைத் தெய்வமாக்கிய ஊர், மிச்ச நாளில் அவள் அலறியபோது விளக்கை அணைத்துப் படுத்தது. பெண்களின் நிதானத்தை யாரும் நிதானம் என்று சொன்னதும் இல்லை. சித்தி வீட்டுச் செலவுக்குக் காசை மிளகாய்ப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அடிக்கு நடுவே பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். விடிந்ததும் களையெடுக்கப் போனாள். அதற்கு என்ன பெயர்?

அந்தத் திரௌபதி அம்மன் கூத்தில் இன்னொரு இரவு உண்டு, சூதாட்டமும் துகிலுரிதலும் நடக்கும் இரவு. தர்மர் வேஷம் கட்டியவர் ஒரு சொட்டுக் குடிக்காதவராகத்தான் மேடையில் நிற்பார். நாட்டை வைக்கிறார், தம்பிகளை வைக்கிறார், தன்னை வைக்கிறார், கடைசியில் பொண்டாட்டியை வைக்கிறார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா, "இவனுக்கு எப்படா தெளியும்" என்று வாய்விட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. போதை தெளிகிறதற்குச் சொல்லும் அதே சொல். இப்போது கைப்பேசியில் ரம்மி ஆடிக் கடனாகி வீட்டை விட்டுப் போன பையன்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அந்த ஆயாதான் நினைவுக்கு வருகிறாள்.

கள்ளைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் மாவட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. ஏரிக்கரை முழுக்கப் பனை. மரமேறி காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கை. நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். கொங்குப் பக்கத்தில் பதநீரைத் தெளுவு என்கிறார்கள். தெளிவு என்பதன் பேச்சு வடிவம் போலவே ஒலிக்கிறது அது. கள்ளுக்கு எதிர்ச்சொல் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

சட்டத்தின் கதையிலும் எங்கள் மண்ணுக்குப் பங்குண்டு. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருமானம் குறையுமே என்றவர்களுக்குப் பதிலாக 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். சென்னை மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்து சேர்ந்தது 1948 அக்டோபர் 2, காந்தி இறந்த பின் வந்த முதல் காந்தி ஜெயந்தி அன்று. அப்போது முதல்வராக இருந்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் விவசாயி, ராமசாமி ரெட்டியார். வள்ளலார் பக்தர். பதவி போனதும் வடலூருக்குப் போய் எளிமையாக வாழ்ந்து 1970இல் மறைந்தார். அவர் மறைந்த மறுவருஷம், 1971 ஆகஸ்டின் கடைசியில், மதுவிலக்கு தளர்ந்தது. பின்னால் மூடினார்கள், திறந்தார்கள். 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சி திறந்த சாராயக்கடைதான் எங்கள் சித்தப்பா போனது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மறுபடி நின்றன. கள் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. பாட்டில் மட்டும் நிற்கவில்லை. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் கையில் எடுத்துக்கொண்டது. 2003-04இல் அதிலிருந்து அரசுக்கு வந்தது ரூ.3,639 கோடி. 2024-25இல் ரூ.48,344 கோடி.

இந்தத் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு கணக்கு. கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு நாலிலிருந்து ஆறு. கடைப் பாட்டிலில் 42.8. ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லியில் இருப்பதைக் கள்ளில் பெற வேண்டுமானால் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். வயிறு முட்டிப் பாதியிலேயே பலர் எழுந்துவிடுவார்கள். குவாட்டரை ஒருவன் சுவரோரம் நின்று, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பஸ் பிடிக்கலாம். கூடக் குடிக்க யாரும் வேண்டாம், பார்க்கவும் யாரும் வேண்டாம்.

சித்தப்பா 1990களின் நடுவில் ஈரல் கெட்டு இறந்தார். அவருடைய மகன், எனக்குத் தம்பி, அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன், குடிக்கவே மாட்டேன் என்று சிங்கவரத்துப் படியில் சத்தியம் செய்தவன், இருபத்தெட்டு வயதில் குடித்தான். லாரிக்குப் போன இடத்தில் பழக்கம். காலை எழுந்ததும் கை நடுங்கும் நிலைக்கு வந்த பிறகு, ஒரு கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தினான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் வலிப்பு வந்து பூஜை விளக்கின் மேல் விழுந்தான். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினான். சாமி குத்தம் என்றார்கள்.

பிறகு ஒரு டாக்டர்தான் விளக்கிச் சொன்னார். வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பிலிருந்து சாராயத்தைச் சட்டென்று எடுத்தால் நரம்புகள் கட்டுக்கடங்காமல் துடிக்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதை ஒட்டி மனக்குழப்பம் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும் என்றார். மாலை போடுகிற குடிகாரர் எவரும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுக் குருசாமியிடம் போகட்டும் என்று நான் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் எந்த சாமிக்கும் குறையில்லை.

அந்த வருஷம் தேறி மலைக்குப் போனான். திரும்பி வரும் வழியில் வேன் நின்ற இடத்திலேயே குடித்தான். மாலை போட்ட நாற்பத்தெட்டு நாளும் அவனைச் "சாமி" என்று அழைத்த ஊர், மாலை கழற்றியதும் அவன் பெயரைச் சொல்லி அழைத்தது. அவன் அப்பாவுக்கு நடந்த அதேதான். ஒரே வித்தியாசம், அப்பாவைக் கடைக்காரனாவது திருப்பி அனுப்பினான். இப்போதைய கடைக்கு எல்லோரும் ஒரு நம்பர். பகல் 12க்குத் திறந்து இரவு 10க்கு மூடுகிறது. நிதானத்துக்கு ஊரில் மிச்சமிருக்கும் காலக்கணக்கு அதுதான் என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

2023 மே மாதம் எங்கள் மாவட்டத்து எக்கியார்குப்பத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரக்காணத்தை ஒட்டிய மீனவக் கிராமம். மெத்தனால் கலந்த சாராயம். பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்து இருபது பேருக்கு மேல் போனார்கள். மறுவருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம், அறுபது பேருக்கு மேல். மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாற மணிக்கணக்கு ஆகும். அதுவரை சாதாரணப் போதை போலத்தான் தெரியும். பிறகு கண் மங்கும், மூச்சு வாங்கும். கவிழ்ந்து கிடப்பவரைப் பார்த்து, இன்னும் தெளியவில்லை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றுதான் எந்த வீட்டிலும் நினைக்கத் தோன்றும். தெளியும் என்று காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் காப்பாற்றும் வாய்ப்பு கைநழுவுகிறது.

என் தம்பி விட்டது மூன்றாவது சிகிச்சையில். அதற்கு முன் இரண்டு முறை விட்டுவிட்டுத் தொட்டான். அவனை அழைத்துக்கொண்டு அலைந்த நாட்களில்தான் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றி அறிந்தேன். டி.டி.கே. குடும்பத்து இளைஞர் ரங்கநாதன் குடிநோயில் இறந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன், அதை மறைத்து மூடிவைக்காமல், அமெரிக்கா போய்ப் பயிற்சி பெற்று வந்து, 1980இல் சென்னையில் கணவர் பெயரிலேயே இதைத் தொடங்கினார். நல்ல குடும்பத்துப் பெண் வெளியே சொல்லவே கூசும் காலம் அது. 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர்கள் கிராமங்களில் நடத்தத் தொடங்கிய முகாம்கள். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில், ஊரே இடம் கொடுத்து, குடிநோயாளிகள் அங்கேயே தங்கி, குடும்பத்தார் வந்து உட்கார்ந்து பேசி, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களைப் பிறகும் தேடிப் பார்ப்பார்கள். காப்புக் கட்டுகிறதற்கு இவ்வளவு கிட்டத்தில் ஒரு வைத்தியம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காப்பில் இல்லாதது ஒன்றே ஒன்று, முடிந்த பிறகு தேடி வருவது. அதை இவர்கள் சேர்த்துவிட்டார்கள்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்துத் தொடங்கிய பெயரில்லாக் குடிநோயர் கூட்டம் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் நடக்கிறது. தம்பி வாரம் ஒரு நாள் பஸ் ஏறிப் போகிறான். அங்கே யாரும் ஆயுசுக்கும் விடுகிறேன் என்று சத்தியம் வாங்குவதில்லையாம். இன்றைக்குக் குடிக்க மாட்டேன், அவ்வளவுதான். "பெருமாள் படியில பண்ண சத்தியம் ரொம்பப் பெருசுண்ணே. தூக்க முடியல. இது ஒரு நாளுக்கானது, தூக்க முடியுது" என்றான். விட்ட முதல் வருஷம் அவன் குடிக்கவில்லையே தவிர, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். தட்டைத் தள்ளிவிடுவான், மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். அவன் மனைவி ஒரு நாள் என்னிடம், "குடிக்கல மாமா, ஆனா இன்னும் நிதானத்துக்கு வரல" என்றாள். கூட்டத்தில் இருக்கிற மூத்தவர்களும் இதையேதான் சொல்வார்களாம், பாட்டில் முதலில் போகும், மிச்சம் மெல்ல மெல்லத்தான் போகும் என்று. கை நிதானம், கண் நிதானம் போல இதுவும் பழகப் பழகத்தான் வரும் போலிருக்கிறது. இப்போது அவனுக்கு ஐந்தாவது வருஷம்.

ஊர் மாறிவிட்டது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது, மராட்டியரின் 12 கோட்டைகளில் ஒன்றாக. கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் சில பேர் சிங்கவரம் வரை வந்து, திரும்பிய முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பனைகள் குறைந்துவிட்டன. புரட்டாசி சனிக்கிழமைகளில் படியில் இடமிருப்பதில்லை. அந்த மாதம் பாட்டிலைத் தொடாதவர்கள் இன்றும் நிறையப் பேர். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கிற வரிசையையும் இன்னொரு வரிசையையும் பார்த்திருக்கிறேன்.

போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கித் தம்பி வீட்டுக்குப் போனேன். படல் இருந்த இடத்தில் இப்போது இரும்பு கேட். மகள் வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டு வாங்க வந்தான். அவன் வீட்டு நிலை ஊருக்கே தெரியும். கேட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல், வீட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்தான்.

"ஏன்டா அங்கியே நிக்கற?" என்றாள் அவள். "அப்பா இருக்காரு. உள்ள வா."